பழையதை அழித்துவிடலாம் என்று நான் சொன்னது

செத்துப்போன ஹார்ட் டிஸ்க் மேஜைக்கு வந்தால் பதற வேண்டாம். அது செத்தது கொண்டுவந்தவருக்கே தெரியும். அழுது முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வந்திருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கோப்புகளை டிஸ்க் விட்டு டிஸ்க் மாற்றிக் கொடுக்கும் அந்த மேஜையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் படுத்தியவை வேறு வகை. அவை ஒழுங்காகச் சுற்றும். கோப்புகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகக் காட்டும். உள்ளே இருக்கும் விஷயம் மட்டும் அங்கங்கே மாறிப்போயிருக்கும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

புதிதாக வந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும் போன வாரம் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க வந்த என்னைக் கேட்டீர்கள், உங்கள் சர்வீஸிலேயே பெரிய தப்பு எது மேடம் என்று. டீ ஆறிவிடும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

ராஜமாணிக்கம் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கோவில்பதாகையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டவர். ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பழைய புடவைத் துணியில் சுற்றி ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கொண்டுவந்தார். கேபிள் செருகும் வாய் ஆடிக்கொண்டிருந்தது. கை பட்டால் தொடர்பு விட்டுப்போகும். உள்ளே இருப்பதைப் புது டிஸ்குக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"என் வீட்டுக்காரி குரலும்மா" என்றார்.

அவர் மனைவி பத்மாவதி டீச்சர். பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவர். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்வார். அதை மெமரி கார்டில் போட்டு, மாணவர்கள் தங்கிப் படித்த விடுதிக்கு அனுப்பிவைப்பார். பதினோரு வருடம் அப்படிச் செய்திருக்கிறார். பிறகு தொண்டையில் புற்று வந்தது. உயிரைக் காப்பாற்றுவதற்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். டீச்சர் நன்றாக நடமாடுகிறார், சமைக்கிறார், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பேச்சு மட்டும் இல்லை. இதையெல்லாம் சார் ஒரு புகார் கொடுக்கிறவர் மாதிரி அடுக்கிச் சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டே ரசீது எழுதினேன்.

மறுநாள் வேலை முடிந்தது. கோப்புகளின் எண்ணிக்கை பார்த்தேன், சரி. மொத்த அளவு பார்த்தேன், சரி. நாலு பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றிலும் பத்து விநாடி கேட்டேன். தெளிவான பெண் குரல். சார் வந்ததும் இரண்டு டிஸ்கையும் கையில் கொடுத்து, "எல்லாம் வந்துடுச்சு சார். பழசை இனிமே நம்பாதீங்க, அழிச்சுடலாம்" என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேலை தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ள வாயில் வந்தது, சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்ப வந்தார். குரல் வருகிறது, ஆனால் நடுநடுவே தகரத்தில் ஆணி இழுத்தாற்போல ஒரு கீச்சு விழுகிறது, சில இடத்தில் பேச்சே தாவிப் போகிறது என்றார். ஸ்பீக்கர் கோளாறாக இருக்கும் என்று நினைத்து என் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். டீச்சர் காவிரியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். நிதானமான குரல். ஒவ்வொரு ஊரின் பெயருக்கும் முன்னால் ஒரு சின்ன இடைவெளி, பிள்ளை குறிப்பெடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல. பின்னால் குக்கர் விசில். மேட்டூர் என்று சொல்ல வாயெடுத்த இடத்தில் கீச்சு விழுந்து ஊர் காணாமல் போனது.

அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது பதினாறு வருடம் ஆகியிருந்தது. ஃபோட்டோக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. குரல் ஒரு விநாடிகூட இல்லை. ஊரார் குரலையெல்லாம் பத்திரமாக மாற்றிக் கொடுத்தவளிடம் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இல்லை. எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தால், என் குரலில்தான் அது கேட்கிறது.

சாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சோதிக்க ஆரம்பித்தேன். ஒரு கோப்பை முழுவதும் படித்து, அதற்குக் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணைத் தரும் நிரல் இருக்கிறதல்லவா, அதை ஓட்டினேன். ஓர் எண் வந்தது. மறுபடி ஓட்டினேன். வேறு எண் வந்தது. மூன்றாவது முறை இன்னொன்று. கோப்பு அதேதான், டிஸ்க் அதேதான், யாரும் அதில் எதையும் எழுதவில்லை. புது டிஸ்க் மோசம் என்று முடிவு கட்டி, அலமாரியிலிருந்து வேறொரு நல்ல டிஸ்கை எடுத்து அதிலிருந்த பெரிய கோப்பு ஒன்றில் பார்த்தேன். அதற்கும் மூன்று எண்கள் வந்தன. சாரின் டிஸ்கைக் கழற்றிப் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் செருகினேன். அங்கே மூன்று தடவையும் ஒரே எண்.

பழுது என்னுடைய கம்ப்யூட்டரில். டிஸ்கிலிருந்து எடுப்பதைக் கணநேரம் தன்னிடம் வைத்திருந்து அடுத்த டிஸ்குக்குக் கொடுக்கும் ரேம் ஒன்று கெட்டுக்கொண்டிருந்தது. சோதனை நிரல் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். என் மேஜை வழியாகப் போன எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப் போயிருந்தன. வந்த டிஸ்கையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என் கையடியில் இருந்த பெட்டியை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கடையின் பெயருக்குப் பயப்படுகிறவர். பழைய டிஸ்கிலேயே கெட்டிருந்தது என்று சொல்லிவிடுங்கள், யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது என்றார். அவர் சொன்னது உண்மை. சத்தமில்லாமல் கெடுவதற்குச் சாட்சி கிடையாது. அப்படியே சொல்லிவிடுவது என்று நானும் தீர்மானித்துக்கொண்டுதான் வெளியே போய் சாரின் எதிரில் உட்கார்ந்தேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார். "தப்பு என் மேலதாம்மா இருக்கும். அந்தப் பழைய டிஸ்க டிவி பக்கத்துல வச்சிருந்தேன். சூடு பட்டுருக்கும். அவ அப்பவே எழுதிக் காட்டுனா, தள்ளி வைங்கன்னு. நான்தான் கேக்கல."

மனைவியின் குரலைக் கெடுத்தது தன் அலட்சியம்தான் என்று மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் ஒரு பொய் அதை முத்திரை போட்டுக் கொடுத்துவிடும். என்னால் முடியவில்லை. "உங்க மேல தப்பில்ல சார். என் மெஷின்ல வந்த தப்பு. நான் பார்த்திருக்கணும், பார்க்கல" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார்.

பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். நான் சொன்னபடியே அதை அழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். கேபிள் வாயை எங்கேயோ சரிசெய்துகொண்டு, அந்தப் பெண் தன் கல்யாண வீடியோக்களை அதில் நிரப்பியிருந்தாள். மறுநாளே அதை வாங்கிவந்து, அழித்த பதிவுகளை மீட்கத் தோண்டினேன். கல்யாணத்துக்கு அடியில் புதையாமல் தப்பியவை கொஞ்சம்தான் கிடைத்தன. மற்றதெல்லாம் போனது போனதுதான்.

டீச்சரிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போனேன். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் தப்பைச் சொல்வது நம் வேலையில் எங்கும் எழுதிவைத்த விதி இல்லை. ஆனால் போனில் சொல்லியிருந்தால், பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது.

டீச்சர் மெலிந்து இருந்தார். கழுத்தில் வெள்ளைப் பருத்தித் துணி. நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியில் இருந்த நோட்டில் எழுதி நீட்டினார். கரும்பலகை எழுத்து, குண்டு குண்டாக. 'பிள்ளைகளிடம் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.' சார் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனதும் இன்னொரு வரி எழுதினார். 'நான் கேட்பதில்லை. அவர்தான் தினம் கேட்கிறார். அந்த நேரத்தில் நான் செடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவேன்.' நான் படித்ததும் அந்தத் தாளை மட்டும் கிழித்து மடித்துக்கொண்டார்.

சந்தேகம் கேட்பதற்காகப் பிள்ளைகள் டீச்சருக்குப் போன் செய்வது உண்டாம். அந்த எண்களை ஒரு டைரியில் குறித்துவைத்திருந்தார். அதை வாங்கிவந்து ஒவ்வொன்றாக அழைத்தேன். பெரும்பாலான எண்கள் இப்போது வேறு யாரிடமோ இருந்தன. கிடைத்த இரண்டொருவர், பரீட்சை முடிந்ததும் அழித்துவிட்டோம் என்று வருத்தப்பட்டார்கள். நாலாம் நாள் ஒருவர் எடுத்தார். பெயர் முருகேசன். பூந்தமல்லிக்காரர், குடியிருப்பு ஐயப்பன்தாங்கலில். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு நட்டு போல்ட்டுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பத்மாவதி டீச்சர் பாடம் இருக்கிறதா என்று கேட்டதும், "கீது மேடம். நேத்துகூட கேட்டேன்" என்றார்.

மதிய இடைவேளையில் கம்பெனிக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் அவரைச் சந்தித்தேன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய பட்டன் போனில் அந்த மெமரி கார்டு இருந்தது. நான் கடைக்கு எடுத்துப்போய் நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் போனை மூடிக்கொண்டார்.

"இத்த உங்ககிட்ட குட்த்துட்டு நான் ஊட்டுக்கு இன்னாத்த எத்துகினு போறது?"

நியாயம்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மறுநாள் மதியம் மறுபடி போனேன். அதே பெஞ்சில், அவர் கை கார்டு ரீடர் மேல் இருக்க, நகல் எடுத்தேன். கைரேகை எண்களை மூன்று முறை ஒப்பிட்டேன். பிறகு அவர் கம்பெனி அலுவலகத்தில் கெஞ்சி, வேறு கம்ப்யூட்டரிலும் ஒருமுறை ஒப்பிட்டேன். இத்தனை தபா எதற்கு என்று கேட்டார். ஒரு தடவை நம்பிவிட்டேன், அதனால்தான் என்றேன்.

காத்திருந்த நேரத்தில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். டீச்சரை நேரில் பார்த்ததே இல்லையாம். ஆனால் அந்த வீடு அவருக்கு அத்துபடி. குக்கர் எத்தனை விசிலுக்கு இறங்கும், மதியம் எந்த நேரத்தில் பழைய பேப்பர்காரர் வருவார், ஃபேன் எந்தச் சுற்றில் கிறீச்சிடும், எல்லாம் தெரியும். ஒரு ஆள் வந்து மெதுவாக, காப்பி போடட்டுமா என்று கேட்பாராம், டீச்சர் பதில் சொல்லாமல் வாசித்துக்கொண்டே போவாராம். "எங்க ஊட்ல அப்டி யாரும் யாரையும் கேட்டதில்ல மேடம். அதுக்கோசரமே அந்தப் பாடத்த திரும்பத் திரும்பப் போடுவேன்" என்றார்.

பிறகு, டீச்சர் எப்படி இருக்கிறார், இப்போது யாருக்கு வாசிக்கிறார் என்று கேட்டார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதாயிற்று. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். குடிக்கவில்லை. மதிய ஷிப்டுக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. கடைசியில், என்னை ஒரு நாள் அங்கே கூட்டிப்போவீர்களா என்று மட்டும் கேட்டார்.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் நடந்தது. என் மேஜை எப்போதிலிருந்து கெட்டது என்று தெரியாது. கிடைத்த தவறான நகல்களில் மிகப் பழையதன் தேதியைப் பிடித்து, அதற்கும் ஒரு மாதம் முன்னால் போய், அன்றிலிருந்து ரெஜிஸ்டரில் இருந்த எல்லோருக்கும் நானே போன் செய்தேன். பலரிடம் பழைய டிஸ்க் அப்படியே இருந்தது. சிலர் திட்டினார்கள். ஒரு அம்மா, போனதே தெரியாமல் நிம்மதியாக இருந்தேனே, ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள், பழைய டிஸ்கை ஒரு மாதம் கழித்துத்தான் அழிக்க வேண்டும் என்று அவரே ஒரு தாளில் எழுதிக் கவுன்டரில் ஒட்டினார். அந்தத் தாள் எதற்கு என்று நீங்கள் கேலி செய்ததைக் கேட்டிருக்கிறேன். அதற்காகத்தான்.

அடுத்த ஞாயிறு முருகேசனைக் கோவில்பதாகைக்கு அழைத்துப்போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் ஃபேன் இருந்த பக்கம் தலையைத் திருப்பி, "மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் தம்பி, போன வருசம்தான் என்று சார் சொன்னார். அந்தக் குரலை அடையாளம் தெரிந்துகொண்டு, முருகேசன் அந்தப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

டீச்சர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரால் கூப்பிட முடியாது. எழுதிக் காட்டினால் வந்தவரால் படிக்க முடியாது. நோட்டையும் பேனாவையும் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பதினோரு வருடம் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரும் அதைக் கேட்டு வளர்ந்த ஒருவரும், நடுவில் ஆறடி தரை. நோட்டைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் நடந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

முருகேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காவிரி. குடகு மலையில் பிறக்கிறது" என்று ஆரம்பித்தார். அந்தப் பாடம் முழுவதும் மனப்பாடமாக இருந்தது. எழுத்துத் தமிழில், டீச்சர் வாசித்த அதே நிதானத்தில், ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் அதே சின்ன இடைவெளி விட்டு. மேட்டூர் வந்தது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்தது. திருவரங்கம், கல்லணை என்று ஆறு கிழக்கே போனது. நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. ஒரு சொல்கூடப் பிந்தவில்லை. சார் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "பூம்புகார் அருகே கடலில் கலக்கிறது" என்று சொல்லி முருகேசன் நிறுத்தினார். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி போடப் போனார்.

கார்டிலிருந்து கிடைத்ததையும் தோண்டி எடுத்ததையும் சேர்த்தால், மொத்தத்தில் பாதிகூடத் தேறவில்லை. கீச்சு விழுந்தவற்றையும் வேண்டும் என்று சார் வாங்கிக்கொண்டார். சரி செய்து தந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்த வேலையில் சில தப்புகள் அப்படித்தான், திருத்தவே முடியாது. ஒளிக்காமல் இருக்கலாம், தேடிப் போகலாம். ஓய்வு பெற்று இத்தனை நாள் ஆகியும், யாராவது 'காப்பி ஆயிடுச்சு' என்று சொல்லக் கேட்டால் என் கை இன்னொரு முறை சரிபார்க்கத் துடிக்கிறது.

திரும்பும்போது முருகேசனோடு பூந்தமல்லி பேருந்தில் ஏறினேன். எனக்கு அது வழியில்லை, இருந்தாலும் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கேட்டார், "நான் சொல்லும்போது டீச்சர் இன்னா மேடம் பண்ணிகினு இருந்தாங்க?"

கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னேன்.

"எதுவரைக்கும்?"

"நீங்க நிறுத்தினதுக்கு அப்புறமும் ரெண்டு வரி போச்சு. என்னன்னு எனக்குப் புரியல."

அவர் முகம் மாறியது. "அது புக்ல கெடையாது மேடம். ஒவ்வொரு பாடமும் முடிஞ்சதும் சொல்லுவாங்க. எனக்குத்தான் அவங்க எதுர்ல அத்த சொல்ல வாய் வர்ல."

அந்தப் பதிவுகளையெல்லாம் நான் மூன்று மூன்று முறை சரிபார்த்திருந்தேன். ஒன்றைக்கூடக் கடைசிவரை கேட்டிருக்கவில்லை. என்ன சொல்லுவார் என்று கேட்டேன்.

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்பியது. அதன் பிறகுதான் சொன்னார். அவர் பேச்சில் எப்போதும் இருக்கும் மெட்ராஸ் வாடை அந்த இரண்டு வரியில் இல்லை.

"இவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்டியே, போதும் கண்ணா. எழுந்து போய்க் கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வா."